இருபத்தேழாம் இலக்கத் தரிப்பிடத்தில் மழை பெய்யாத காலம்

முதலில் வந்தது ஒரு சத்தம்தான். ஒட்டுத்தாளின் முதுகிலிருந்து மெழுகுத்தாளை உரிக்கிற சத்தம், அவசரமில்லாமல், நீளமாக, காய்ந்த வாழைச்சருகைக் கிழிப்பதுபோல. அதற்குப் பின்னால் உள்ளங்கையால் கண்ணாடியை மெல்லத் தட்டுகிற சத்தம். எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்தக் கட்டடத்தை விட்டே நான் வந்துவிட்டேன், ஆனால் பக்கத்து அறையில் யாராவது ஒரு பார்சலைப் பிரித்தால் இன்றைக்கும் எனக்கு லண்டன் நியூ மோல்டனின் அந்த முற்றமும், அதன் சாம்பல் வானமும், நடேசலிங்கம் செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்து வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டு நின்ற சனமும் ஞாபகத்துக்கு வருகின்றன.

நடேசலிங்கம் லண்டனில் பஸ் ஓட்டியவர். ஒரு நகரத்தையே ஏற்றி இறக்கிய மனிதர் தனக்கென்று வாங்கியதெல்லாம் மற்றவர்கள் ஓட்டிக் களைத்த கார்களைத்தான். ஓய்வு பெற இருந்த வருஷத்தில் ஒரு புதுக் கார் வாங்கினார், நீல நிறம். வாங்கிய அன்றே அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் தேசிக்காய் நசித்து, கற்பூரம் காட்டி, குருக்களிடமிருந்து ஒரு வாழையிலைத் துண்டில் மிச்சச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குருக்கள் காரின் முன்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பொட்டு வைத்திருந்தார். அது போதாதென்று நடேசலிங்கத்துக்குப் பட்டது. இருபத்தேழாம் இலக்கத் தரிப்பிடத்தில், தன்னுடைய தரிப்பிடத்தில், காரை நிறுத்திவிட்டு, மோதிர விரலால் முன்கண்ணாடியின் இடது கீழ் மூலையில் இன்னொரு பொட்டு வைத்தார்.

"ஏனப்பா அந்த மூலையில?" என்று கேட்டாள் அவர் மனைவி கமலவேணி. "அதில பெர்மிற் எல்லோ ஒட்டிக்கிடக்குது."

"அதாலதான் வைக்கிறன். வாறவன் போறவன் எல்லாரும் முதல் பாக்கிறது அந்த இடத்தைத்தானே. கண் படுற இடத்திலதான் பொட்டு வைக்கிறது. பிள்ளையளுக்குக் கன்னத்தில வைக்கிறேல்லையே?"

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பொட்டு பெரிய பொட்டு. கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த அனுமதிச் சீட்டின் இலக்கத்தையும் திகதியையும் அது வெளியிலிருந்து மூடிக்கொண்டது. சந்தனம் காய்ந்தபோது அதில் அவருடைய விரலின் ரேகைகள், வயலில் உழுத சால்போல, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தெரிந்தன. அந்தக் கிழமையே பஸ் டிப்போவில், சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை.

அந்த அனுமதிச் சீட்டு எங்களுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் முற்றம் ரயில் நிலையத்துக்குக் கிட்ட. வெளியாட்கள் காலையில் கார்களை எங்கள் இடங்களில் போட்டுவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள். கட்டடக் கூட்டத்தில் இதைப் பற்றிச் சத்தம் போட்டோம். ஒரு கம்பனி வந்தது. ஒரு சதமும் வேண்டாம், உங்கள் முற்றத்தை நாங்கள் காவல் காக்கிறோம், ஆளுக்கொரு சீட்டை இடது கீழ் மூலையில் ஒட்டுங்கள், சீட்டுத் தெரியாத காருக்கு நாங்கள் தண்டம் போடுவோம் என்றது. எல்லோரும் கை தூக்கினோம். முதல் தூக்கிய கை நடேசலிங்கத்தினுடையது.

எட்டுச் செலவன்று மேலே படையல் நடந்துகொண்டிருந்தபோதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. நடேசலிங்கத்தின் மைத்துனர் பொன்னுத்துரை, எதற்கும் முதலில் கோபிக்கிறவர், யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் படியால் பாய்ந்து இறங்கினார். நீலக் காரின் கண்ணாடியில் ஒரு மஞ்சள் உறை. பக்கத்தில் கம்பனியின் சட்டை போட்ட ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், கையில் சின்ன மெஷினோடு.

"உமக்கு அறிவிருக்கே ஐசே? செத்த வீட்டில வந்து ரிக்கற் ஒட்டுறீர். நீர் தமிழனோ?"

"தமிழன்தான் அண்ணை. அதாலதான் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு ஒட்டினன்."

உண்மைதான். குளிர்ந்த தரையில் காலுறையோடு நின்றார். பெயர் சிவகடாட்சம். ஊர் மட்டக்களப்பு.

"இது அவையின்ர சொந்த இடம்! காசு குடுத்து வாங்கினது!"

"எனக்கு விளங்குது அண்ணை. மெஷினுக்குத்தான் விளங்காது. பெர்மிற் தெரியேல்லை எண்டால் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கு. நான் அனுப்பாட்டி இன்னொருத்தன் வருவான். அவன் சப்பாத்தோட வருவான்."

பொன்னுத்துரை மேலும் ஏதோ கத்த வாயெடுத்தார். அப்போதுதான் மழை பிடித்தது. எல்லோரும் கூரைக்கடியில் ஒதுங்கினோம். ஒதுங்கி நின்று பார்த்தபோது, முற்றம் முழுக்க, மற்ற எல்லாக் கார்களின் மேலும், குப்பைத் தொட்டிகளின் மேலும், சிவகடாட்சத்தின் சப்பாத்துகளின் மேலும் மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தேழாம் இலக்கத்தின் வெள்ளைக் கோடுகளுக்குள் மட்டும் இறங்கவில்லை. காற்று சாய்த்து அடித்தபோது துளிகள் கோடு வரைக்கும் சாய்ந்து வந்து, கோட்டில் நின்று, நேரே கீழே விழுந்தன. கோட்டுக்கு உள்ளே தார் வெளிறிக் காய்ந்து கிடந்தது.

"வடிகால் நல்லாப் போட்டிருக்கிறாங்கள்" என்றார் பொன்னுத்துரை. பிறகு சாப்பிடப் போனோம்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க அப்படித்தான் இருந்தது. வெயில் வந்தது என்று நான் சொல்லவில்லை. மழை வரவில்லை, அவ்வளவுதான். மாடியில் இருந்த கொரியப் பெண்மணி, சோய் என்று பெயர், கணவரை இழந்து நெடுங்காலமானவர், ஒருநாள் ஒரு தட்டு நிறையப் பழுத்த மிளகாயோடு இறங்கி வந்து, காரின் முன்மூடியைக் காட்டி, காயவைக்கலாமா என்று கண்ணால் கேட்டார். கமலவேணி "ஓம்" என்றாள். அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி குடிக்கிறாயா, ஓம், படுத்தாயா, ஓம், அழுதாயா பிள்ளை, அழுதால் நல்லது, ஓம். ஆனால் அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வெள்ளைத் துணிகளை மடிக்கிற வேலைக்குப் போனாள், வந்தாள், இரண்டு பேருக்குச் சோறு போட்டாள், ஒரு கோப்பையை மட்டும் கழுவினாள்.

மிளகாய்க்குப் பிறகு நாங்கள் வந்தோம். காரின் கூரையில் துணி காயப்போடும் சட்டத்தை விரித்தோம். வடகம் வைத்தோம். சிகரெட் பிடிக்கிற ஆண்கள் காரின் பக்கத்தில், கோட்டுக்குள்ளே கிடந்த ஒரு முழ அகலத்தில், வரிசையாக ஒட்டி நின்றார்கள். கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார் மழை நாட்களில் பிள்ளையை அங்கே கொண்டுபோய், மூன்று பக்கமும் மழை பெய்வதைக் காட்டிச் சோறூட்டினார்கள். தபால்காரர் நனைந்த கடிதங்களை அங்கே நின்று பிரித்தார். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் கமலவேணி ஓம் என்றாள், ஒன்றைத் தவிர.

"கண்ணாடிப் பக்கம் மட்டும் கை வையாதேங்கோ."

குருக்கள் ஒருநாள் வந்து பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டு, "மழை எல்லா இடத்திலயும் பெய்யத்தான் வேணும் எண்டு ஒரு ஆகமத்திலயும் சொல்லேல்லை" என்று சொல்லி, ஒரு கையளவு வடகம் வாங்கிக்கொண்டு போனார். கட்டடத்தைப் பராமரிக்கிறவர்கள் ஆளனுப்பி அளந்து பார்த்தார்கள். பிறகு, இருபத்தேழாம் இலக்கம் இனிமேல் கூரையுள்ள தரிப்பிடமாகக் கருதப்படும், அதற்குரிய மேலதிகக் கட்டணம் அறவிடப்படும் என்று அறிவித்தார்கள். கூரை எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் காட்டவில்லை.

சிவகடாட்சம் தவறாமல் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், படம் எடுத்தார், மஞ்சள் உறையை ஒட்டினார், பொட்டில் விரல் படாதபடி, வலது ஓரமாக. கமலவேணி யன்னலில் நின்று பார்ப்பாள். சில நாள் இறங்கி வந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ஒரு ஈரத் துணி. ஒருக்காத் துடைச்சால் சரி. எல்லாம் தள்ளுபடி எண்டு கம்பனியே சொல்லுது."

"ஓம் தம்பி."

"அல்லது வலப் பக்கத்தில வேற பெர்மிற் ஒட்டலாமோ எண்டு கேட்டுப் பாத்தன். மாட்டினமாம். இடது கீழ் மூலைதானாம். கண்ணாடியும் துப்புரவா இருக்கவேணுமாம்."

"ஓம் தம்பி. சீனி காணுமோ?"

அவள் ஏன் துடைக்கவில்லை என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அவருடைய உடுப்புகளைக் கோயிலுக்குக் கொடுத்தாயிற்று, தலையணை உறையைத் தெரியாமல் யாரோ தோய்த்துவிட்டார்கள், அவர் கை பட்டபடியே இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பொட்டு ஒன்றுதான். அது எந்த ஊரிலும் ஒரு மழைக்குமேல் தாங்கியிருக்காது. இங்கே தாங்கியது.

ஆனபடியால் அவள் வழக்காட வேண்டியதாயிற்று. கம்பனி அவளைக் கோர்ட்டுக்கு இழுத்தது. தோற்றால், கட்ட முடியாத தண்டத்துக்காகக் கோர்ட் ஆட்கள் வந்து காரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கார் கோட்டைத் தாண்டினால் மழை. இதுதான் விஷயம். எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. துணி காயப்போடுகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இங்கிலீஷ் படித்தவள் என்று அவளுடைய லீஸை, வீட்டின் குத்தகைப் பத்திரத்தை, வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. லீஸ் என்பது ஒரு விசித்திரமான சொத்து. நிலம் உங்களுடையது அல்ல. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு உங்களுடையது மாதிரி. அதைப்போல நிதானமான, உயிரில்லாத ஒரு நடையை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. ஆனால் அதில் ஒரு வாக்கியம், வரைபடத்தில் நீலக் கோட்டால் காட்டப்பட்ட இடத்தில் ஒரு தனியார் வாகனத்தை நிறுத்தும் உரிமை, என்று வந்து அதோடு நின்றது. சீட்டு என்றோ, மூலை என்றோ, கண்ணாடி துப்புரவாக இருக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. நான் அதைக் கமலவேணிக்குத் தமிழில் சொன்னேன். அவள் மிளகாய்த் தட்டுகளுக்கிடையில் நின்று கேட்டாள்.

"அப்ப உது எங்கட இடம்தானே அக்கா?"

"நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு."

"காணும்" என்றாள்.

கோர்ட் என்றதும் நாங்கள் எண்ணியிருந்தது வேறு. அது ஒரு மேசையும் சில கதிரைகளுமுள்ள சின்ன அறை. நீதிபதி ஒரு இளம் பெண், சளி பிடித்திருந்தது. கம்பனிக்காக வந்த பையன், படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்: கண்ணாடி, பொட்டு, கண்ணாடி, பொட்டு. சில படங்களில் பின்னால் எங்கள் துணிகளும் தெரிந்தன.

"இதைத் துடைத்திருக்கலாமே?" என்று நீதிபதி கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"கை வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் கமலவேணி.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். பிறகு லீஸைக் கேட்டு வாங்கி, அந்த வாக்கியத்தை வாசித்தார். குத்தகைப் பத்திரம் தந்த உரிமையை, பிறகு வந்த ஒரு கம்பனி ஒரு அறிவித்தல் பலகையைத் தொங்கவிட்டுக் குறைக்க முடியாது என்றார். தண்டங்கள் எல்லாம் செல்லாது. இனிமேலும் போடக் கூடாது. மூக்கைச் சிந்திக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.

அன்று முற்றத்தில் கேக் வெட்டினோம். பொன்னுத்துரை, தன்னுடைய வாதத்தால்தான் வென்றதுபோல, எல்லோருக்கும் கை கொடுத்தார். சோய் அம்மா சிவப்பாக ஏதோ ஊறுகாய் கொண்டுவந்தார். கமலவேணி எல்லோருக்கும் கேக் பரிமாறினாள். சந்தோஷமா பிள்ளை என்று கேட்டோம். ஓம் என்றாள்.

மறுநாள் காலை தூறல். சோய் அம்மாதான் முதலில் கண்டார். கோட்டிலிருந்து உள்ளே ஒரு சாண் அகலத்துக்குத் தார் கறுத்திருந்தது. தட்டின் ஓரத்து மிளகாய்கள் நனைந்திருந்தன. பழுதான சலவை மெஷினைத் திட்டுவதுபோல அந்த இடத்தைத் திட்டிக்கொண்டு துணிகளை உள்ளுக்கு எடுத்தோம். தண்டம் தொடங்கிய நாளில் நின்ற மழை தண்டம் முடிந்த நாளில் திரும்பி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அப்படிச் சொன்னபோது அதில் ஒருவருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை, ஒரு பஸ் பாதை மாறிவிட்டதைச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

கமலவேணி படியால் இறங்கி, கறுத்த தாரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், முற்றத்தின் மறுபக்கத்தில் வேறு கார்களைப் பார்த்துக்கொண்டு வந்த சிவகடாட்சத்திடம் நடந்து போனாள்.

"தம்பி, ஒண்டு ஒட்டும்."

"என்னக்கா?"

"ஒரு ரிக்கற். என்ர காருக்கு. ஒட்டும்."

"நீங்கள் வெண்டிட்டியள் அக்கா!"

"வெண்டது காணும். ஒட்டும்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு தாரைப் பார்த்தார். வந்து, சப்பாத்தைக் கழற்றி, மெஷினில் காரின் இலக்கத்தை அடித்தார். மெஷின் ஒரு சத்தம் போட்டது. திரும்பவும் அடித்தார்.

"எடுக்குதில்லை அக்கா. கோர்ட் தீர்ப்பெண்டு வருது. உங்கட நம்பரை இனி ஒருநாளும் எடுக்காது."

"என்ர நம்பர் வேண்டாம். பக்கத்துக் காரின்ர நம்பரைப் போட்டு இதில ஒட்டும்."

"என்ர வேலை போயிடும்."

அவள் அதற்கு மேலே கேட்கவில்லை. சிவகடாட்சம் தானாகவே ஒரு வெறும் மஞ்சள் உறையை எடுத்து, முதுகை உரித்து, கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லாத உறை. மழை ஏமாறவில்லை. இன்னொரு விரல் அகலம் உள்ளே வந்தது.

தார்ப்பாய் போடலாம் என்றார் பொன்னுத்துரை. பாய் உரஞ்சி அதுவே அழித்துவிடும் என்றார்கள். பிளாஸ்ரிக் ஒட்டலாம் என்றார் ஒருவர். ஒட்டினால் உரிக்கும்போது அதோடு வந்துவிடும். சோய் அம்மா மேலே போய் ஒரு குடையோடு வந்து, காரின் இடப்பக்கத்தில் நின்று, கையை நீட்டி அந்த மூலைக்கு மேலே பிடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் போய்க் குடைகளை எடுத்து வந்தார்கள். கறுப்பு, பூப்போட்டது, வங்கி இலவசமாகக் கொடுத்தது, ஒரு பிள்ளையின் தவளைக் குடை. அந்தக் காலை முழுக்க, ஒருவர் கை வலித்தால் மற்றவர் என்று, நாங்கள் ஒரு கண்ணாடி மூலைக்குக் குடை பிடித்தோம். சிவகடாட்சமும் பிடித்தார். வீதியால் போனவர்கள் பார்த்துவிட்டு, ஏதோ சடங்கு என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டு போனார்கள்.

கமலவேணி காரைத் திறந்து உள்ளே ஏறினாள், சாரதியின் ஆசனத்தில் அல்ல, பக்கத்தில், எப்போதும் அவள் இருக்கிற இடத்தில். அங்கே இருந்தால் அந்த மூலை அவளுக்கு நேரே முன்னால்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டியவர்கள் முதலில் போனார்கள். பிறகு ஷிப்ட் வேலைக்காரர். ஒவ்வொருவரும் போகும்போது கண்ணாடியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கதவைக் கொஞ்சம் திறந்து, "போங்கோ, போங்கோ, பிந்தப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு காற்று திரும்பியது. அந்த நாட்டு மழைக்கு மேலிருந்து விழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது குடைகளுக்குக் கீழாலே படுத்துக்கொண்டு வந்தது.

முதலில் குங்குமம் கரைந்தது. பிறகு சந்தனத்தின் ஓரங்கள் இளகின. நான் அவளுக்கு எதிரே, கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ரேகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, சேர்ந்து மஞ்சளாகி, ஒரு கோடாக வைப்பரின் மேல் வழிந்தன. அவை போன இடத்தில், உள்ளே, அனுமதிச் சீட்டு மெல்ல மெல்லத் தெரிய வந்தது: முதலில் திகதியின் ஒரு பகுதி, பிறகு இலக்கம், பிறகு அவருடைய பெயரின் முதலெழுத்து.

"இப்ப தெரியுது" என்றார் சிவகடாட்சம், தொழில் பழக்கத்தில். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

கமலவேணி கையை நீட்டி, சாரதிப் பக்கத்துச் சாவியைத் திருப்பினாள். கார் ஓட்டத் தெரியாதவள், ஆனால் எந்தப் பிடியை இழுத்தால் எது அசையும் என்று பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவள். வைப்பர் ஒருமுறை போய் வந்தது. இன்னொருமுறை போய் வந்தது. அவள் அதை நிறுத்தினாள். கண்ணாடி துப்புரவாக இருந்தது. அவள் முகம் அதற்குப் பின்னால் எப்போதும் போலவே இருந்தது.

நாங்கள் குடைகளை மடித்தோம். அவள் இறங்கி, காரைப் பூட்டி, வேலைக்கு இன்னும் நேரமிருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று சொல்லி, மேலே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, தெருவில் இறங்கிப் போனாள்.

அடுத்த வருஷம் அவள் காரைப் பொன்னுத்துரைக்குக் கொடுத்தாள். ஃபிளாட்டின் மிச்ச லீஸை ஒரு இளம் தம்பதிக்கு விற்றாள். இப்போது நோர்வேயில், மழைக்குப் பேர்போன பேர்கன் நகரில், தங்கையின் குடும்பத்தோடு இருக்கிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை வேளைகளில் வேலை செய்கிறாள்.